மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்

மே 6, செவ்வாய்

தேவா இந்த டைரியை வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். வருடம் பாதி போகப்போகிறது, இப்போது எதற்கு டைரி என்றேன்.

"கோச் ஆயிட்ட இல்ல. அன்னன்னிக்கு நடந்தத எழுதி வெச்சுக்கோ. நல்லது."

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஷிஃப்ட் முடிந்ததும் நடந்ததை எழுதி வைத்துவிட்டு வருவது அங்கே வழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே விவரம். பெயர் லூர்துமேரி. ராயபுரம். வயது முப்பத்தைந்து. இந்தியப் பெண்கள் ரக்பி அணிக்கு ஆறு வருடம் கேப்டன். ஆட்டத்தை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. காரணம் முழங்கால். ஜூன் முதல் வாரம் புவனேஸ்வரில் தேசியப் போட்டி. தமிழ்நாடு பெண்கள் அணிக்கு என்னைப் பயிற்சியாளராகப் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் சிறப்பு விடுப்பு கிடைத்துவிட்டது.

இன்று முதல் பயிற்சி. மைதானத்தின் ஒரு பக்கம் கிரிக்கெட்காரர்கள் பிட்ச்சுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று வாட்ச்மேன் சொன்னார். மீதி இடத்தில் ஓடினோம். மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். கேப்டன் ஹம்சவேணி எடுக்கவில்லை. மணலிப் பெண். பந்தைக் கீழே விட்டு அது எழும்பும் நேரத்தில் உதைப்பாள்; கம்பங்களுக்கு நடுவே நேராகப் போகும். இந்த அணியில் அப்படி உதைக்க வேறு ஆள் இல்லை.

மே 9, வெள்ளி

மழை. பயிற்சி இல்லை. அடுப்பை அணைக்காமல் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டேன் என்று தேவா சொன்னார். குக்கர் பழசு, விசில் சரியாக வருவதில்லை.

மே 13, செவ்வாய்

ஹம்சாவின் அப்பா ஏகாம்பரம் மைதானத்துக்கு வந்திருந்தார். மணலியிலிருந்து திருவொற்றியூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வண்டியின் பின்கண்ணாடி முழுக்க ஹம்சா பந்தோடு ஓடும் படம். சவாரியை இறக்கிவிட்டு அப்படியே வந்ததாகச் சொன்னார்.

"ஏழு வருஷமா பாக்குறேன் மேடம். இன்னும் இந்த கேமு புரியல. ஏன் எல்லாம் பின்னாடியே தூக்கிப் போடுதுங்க?"

சொன்னேன். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குப் பின்பக்கமாகத்தான் தர வேண்டும். எதிராளி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, ஐந்து புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு.

"முன்னாடி போவணும்னா பின்னாடி குடுக்கணும். இன்னா கேமோ!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மூணாவது இடமாவது வந்துடுமா மேடம்?"

அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அறிவிப்பு வந்திருக்கிறது. தேசியப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த அணியில் ஆடியிருக்க வேண்டும். இருபத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. ஹம்சாவுக்கு ஆகஸ்டில் இருபத்தைந்து முடிகிறது. அணியில் இன்னும் நான்கைந்து பேர் அதே அறிவிப்பை நம்பி இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு வயது இருக்கிறது.

வரலாம் என்றேன். வரும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

மே 17, சனி

டேக்கிள் பயிற்சி. பந்தோடு ஓடிவருபவரைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளும்போது நம் தலை அவருடைய இடுப்புக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் முழங்கால் வந்து அடிக்கும். காலை முழுக்க இது ஒன்றுதான்.

மும்தாஜ் என்று ஒரு பெண், நர்சிங் படிக்கிறாள். மாற்று ஆட்டக்காரி. வேகம் இருக்கிறது. ஆனால் ஆளைப் பிடிக்கப் போகும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். அவளை நான் சலோமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேனாம். முதல் இரண்டு தடவை திருத்தினாள், மூன்றாவது தடவை அப்படியே ஓடி வந்துவிட்டாள். சலோமி என்பவள் வேறு. இருவரும் ஒரே உயரம்.

வெயில் கண்ணைக் குத்துகிறது. வீட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சமைத்தேன். சமையலறை பல்பை மாற்ற வேண்டும், அது வெளிச்சம் ஜாஸ்தி.

மே 22, வியாழன்

நரம்பு டாக்டரிடம் தேவா நேரம் வாங்கியிருந்தார். இது மூன்றாவது முறை. கிரவுண்டில் வேலை இருந்தது. பந்துகளுக்குக் காற்றடித்தேன்.

மே 25, ஞாயிறு

பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தார். வழக்கம்போல் ஜகார்த்தா படத்தைப் பற்றிக் கேட்டார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எடுத்தது. தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு, ஒரு காதோரம் ரத்தம், நாலு பேர் என்னைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார்கள். முதல் பாதியில் அடிபட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கி, கடைசி நிமிடத்தில் ட்ரை போட்டு ஜெயித்த ஆட்டம். எங்கள் ரக்பி சங்க அலுவலகச் சுவரில் அந்தப் படம்தான் இருக்கிறது. என் வேலையும் அதற்குப் பிறகு வந்ததுதான்.

"அந்தக் கடைசி நிமிஷம் மனசுல என்ன ஓடிச்சு மேடம்?"

நாட்டை நினைத்தேன் என்றேன். எல்லா நிருபர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். அவருக்குப் பிடித்திருந்தது. எழுதிக்கொண்டார்.

ஹம்சா பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஷூவை வெகுநேரம் கட்டினாள்.

ஜூன் 3, செவ்வாய்

ரயில். பன்னிரண்டு பெண்கள், நான், சங்கச் செயலாளர் குருசாமி சார். எல்லோருக்கும் ஒரே பெட்டியில் இடம் கிடைக்கவில்லை. மும்தாஜும் நானும் பக்கத்துப் பெட்டி. அவள் உடம்பின் எலும்புகளை இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். போட்டி முடிந்த வாரமே பரீட்சையாம்.

ஏகாம்பரம் முன்பதிவு இல்லாத பெட்டியில் வருகிறார். விஜயவாடாவில் இறங்கி வந்து எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 6, வெள்ளி

குழு ஆட்டங்கள் மூன்றும் ஜெயித்தோம். ஹம்சா நன்றாக உதைக்கிறாள். தங்கும் விடுதியில் சாம்பார் இனிக்கிறது. வெயில் சென்னை மாதிரியேதான்.

ஜூன் 7, சனி

காலையில் காலிறுதி ஜெயித்தோம். மத்தியானம் அரையிறுதியில் ஒடிசாவிடம் தோற்றோம். நாளைக் காலை மூன்றாம் இடத்துக்கு மகாராஷ்டிராவோடு ஆட்டம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அரையிறுதி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ஹம்சா ஒருத்தியை டேக்கிள் செய்தாள். தலையைத் தப்பான பக்கம் வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் முழங்கால் அவள் காதுக்கு மேலே பட்டது. விழுந்த ஹம்சாவின் கைகள் இரண்டும் விறைத்து ஒரு கணம் அப்படியே நின்றன. பந்து அதற்குள் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. நடுவர், கூட்டம், எங்கள் பெஞ்ச் எல்லாம் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹம்சா எழுந்தாள். எழுந்து ஒடிசாப் பெண்களின் வரிசையில் போய் நின்றாள். சலோமி சட்டையைப் பிடித்து இழுத்ததும் இந்தப் பக்கம் வந்தாள். மாற்று ஆளை இறக்குவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

தலை லேசாக இடித்தது என்று அவளே போட்டி டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். பெயர், ஊர், என்ன கிழமை எல்லாம் சரியாகச் சொன்னாளாம். தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் அவளை என் அறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன்.

"ஒடிசா மேட்ச்ல எவ்ளோ ஸ்கோர்?"

"பத்தொம்போது ஏழு. தோத்துட்டோம்."

"நம்ம ட்ரை யார் போட்டது?"

"சலோமி."

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சலோமி இல்லையா?"

"நீதான் போட்ட ஹம்சா. நடுவுல பூந்து ஓடி நீயே போட்டு நீயே உதைச்ச."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. தூங்கி எந்திரிச்சா சரியாப் போய்டும். ஒரே ஒரு மேட்ச். பதினாலு நிமிஷம்."

"நாளைக்கு நீ ஆடல."

"அக்கா."

"போய்ப் படு. போனப் பாக்காத."

விதி இதுதான். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுக்க வேண்டும். பன்னிரண்டு நாளாவது ஆடக் கூடாது. பயிற்சியாளர் வகுப்பில் நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

அரைமணி நேரத்தில் குருசாமி சார் வந்தார். டாக்டரே விட்டுவிட்டார், அந்தப் பெண்ணே நன்றாக இருக்கிறேன் என்கிறாள், உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்டார். ஹம்சா சொல்ல வேண்டாம் என்று கேட்டதால் ட்ரை விஷயத்தைச் சொல்லவில்லை. விழுந்ததை நான் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"நான் பாக்கலியே. நடுவர் பாக்கலியே. நீ ஒருத்திதான பாத்திருக்க? அப்போ பாக்காத மாதிரி இருந்துடேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உனக்கு வேலை எப்படிம்மா வந்துச்சு? மண்டைல கட்டோட ஆடுனதாலதான வந்துச்சு?"

ஆமாம் சார் என்றேன்.

விடுதி வாசலில் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். டீ வாங்கி வைத்திருந்தார், எனக்கும் சேர்த்து. நான் வருவதற்குள் ஏடு படிந்திருந்தது.

"மேடம், எனக்கு ஒண்ணும் தெரியாது. கேமும் தெரியாது, டாக்டருக்குப் படிக்கவும் இல்ல. ஆனா எம் பொண்ண எனக்குத் தெரியும். நல்லாதான் இருக்குது. இப்பதான் ரெண்டு இட்லி துன்னுது." கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "ஆகஸ்டு வந்தா அதுக்கு வயசு போயிடும் மேடம். அப்புறம் இன்னா பண்றது? நான் ஆட்டோல ஆள் ஏத்துற மாதிரி அதுவும் எங்கயாச்சும் நிக்கணும்."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சா உடுங்க மேடம்."

டீயைக் குடித்தேன். முடியாது என்றேன். காரணம் கேட்டார். இன்னொரு அடி அதே இடத்தில் விழுந்தால் ஆளே போய்விடலாம் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"நீங்க போயிட்டீங்களா? இங்கதான இருக்கீங்க?"

டீ டம்ளரை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

மகாராஷ்டிரா 12. நாங்கள் 10.

ஹம்சா ஜெர்சி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடத்தில் மும்தாஜ். சலோமி இரண்டு ட்ரை போட்டாள். இரண்டுக்கும் அவளே உதைத்தாள். ஒன்று குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனது, ஒன்று வெளியே. இரண்டும் போயிருந்தால் நாங்கள் மூன்றாம் இடம். முதல் உதை தவறியபோது ஹம்சா எழுந்து நின்றாள். இரண்டாவது தவறியபோது எழவில்லை.

கடைசி நிமிடம் வரை பத்துக்கு ஏழு என்று முன்னால் இருந்தோம். மகாராஷ்டிராவின் ஓட்டக்காரி ஓரக்கோட்டை ஒட்டி வந்தாள். எதிரே மும்தாஜ் மட்டும்தான். கண்ணை மூடவில்லை. தலையைச் சரியான பக்கம் வைத்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றும் குறையில்லை. அந்தப் பெண் அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். விழுந்த இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

மும்தாஜ் எழுந்திருக்காமல் புல்லில் முகத்தை வைத்து அழுதாள். போய்த் தூக்கினேன். நீ செய்தது சரி என்று சொன்னேன். "அப்புறம் ஏன் அக்கா?" என்றாள்.

ஏகாம்பரம் கேலரியில் உட்கார்ந்தே இருந்தார். அடுத்த ஆட்டத்துக்கு ஆட்கள் வந்து உட்கார இடம் கேட்டதும் எழுந்து போனார்.

குருசாமி சார் பத்து பேர் முன்னால் வைத்து, ஒரு ஆளின் பிடிவாதம் பன்னிரண்டு பேரின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது என்றார். பெண்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நானும்.

ஜூன் 10, செவ்வாய்

ரயில். பெண்கள் எல்லோரும் ஒரே பெட்டி. நான் வேறு பெட்டி. சாப்பாடு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஹம்சாவுக்கு ஜன்னல் வெளிச்சம் ஆகவில்லை போல, துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கவில்லை.

ஜூன் 14, சனி

ஏகாம்பரம் போன் செய்தார். ஹம்சாவுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டாராம்.

"ஒண்ணுமில்லையாம் மேடம். சுத்தமா இருக்குதாம்."

நல்லது என்றேன்.

"நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தலைக்குள் அதிர்ந்தது ஸ்கேனில் தெரியாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் அதைச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். ஒருவேளை நிஜமாகவே ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆடியிருந்தால் ஜெயித்திருக்கலாம். அதுவும் சாத்தியம்தான்.

மீன் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். தேவா தயிரை ஊற்றிச் சாப்பிட்டார்.

ஜூன் 19, வியாழன்

சங்கக் கூட்டம். டாக்டர் அனுமதித்த ஆட்டக்காரியை நிறுத்த என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். நான் எடுத்த முடிவு என்றேன். அதை மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்று விதமாகவும் அதையேதான் சொன்னேன். நான் பேசும்போது எதிர்ச் சுவரில் ஜகார்த்தா படம். ஒருவர் அதைக் காட்டி, "இந்தம்மாவா இப்படிப் பேசுறது?" என்றார். அடுத்த போட்டிக்கு வேறு பயிற்சியாளரைப் பார்ப்பது என்று முடிவானது. அதுவரை காலைப் பயிற்சியை நான் நடத்தலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் பழைய வண்ணாரப்பேட்டையில் இறங்கிவிட்டேன். சந்துக்குள் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். தெரியாத ஒரு பெண் திறந்தார். மாமியாரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறேன். அந்த வீட்டை மாமியார் இறந்த வருடமே காலி செய்துவிட்டோம்.

அந்தப் பெண் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். தேவாவிடம் பஸ் லேட் என்று சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

பயிற்சிக்கு ஆறு பேர் வந்தார்கள். மும்தாஜ் பரீட்சையில் பாஸ். ஹம்சா வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஹம்சா வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் நான் சமையலறையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். தேவா கதவைத் திறந்துவிட்டு, "உள்ள இருக்கா, போம்மா" என்றார்.

துணிக்கடைப் புடவையில் இருந்தாள். திருவொற்றியூரில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டாளாம். நாள் முழுக்க நிற்க வேண்டும் என்றாள். நிற்பது பழக்கம்தானே என்றேன்.

"தலவலி இருக்கா?"

"மொத வாரம் இருந்துச்சு. இப்போ இல்ல." சுவரில் சாய்ந்து நின்றாள். "அக்கா, ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். கேட்டுட்டுப் போயிடுறேன்."

"கேளு."

"ஆபீஸ்ல அந்த போட்டோ இருக்குல்ல. ப்ளஸ் டூ படிக்கும்போது அதப் பாத்துட்டுத்தான் நான் இந்த கேமுக்கே வந்தேன். பொம்பள ஒருத்தி மண்டைல கட்டோட நிக்கிறாளேன்னு. நீங்க ஆடுனீங்க. ஜெயிச்சீங்க. வேலை வாங்குனீங்க. என்ன மட்டும் ஏன் ஆட உடல?"

ஓட்டை உரித்துக்கொண்டே இருந்தேன். இதற்குச் சொல்ல நிறைய இருக்கிறது. விதி இருக்கிறது, வகுப்பில் சொன்னது இருக்கிறது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கடைசி ட்ரை நான்தான் போட்டேன்னு சொல்றாங்க. வீடியோல பாத்திருக்கேன்."

"சொல்றாங்கன்னா?"

"எனக்குத் தெரியாது ஹம்சா. அந்த செகண்ட் ஹாஃபே தெரியாது. மெடல் போட்டது தெரியாது. என்னத் தூக்குனது யாருன்னு போட்டோ பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சென்னைக்கு வந்து எறங்குனது, மாலை போட்டது எதுவும் தெரியாது."

அவள் சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு மட்டுமா?"

"அதுக்கப்புறமும் அடி வாங்கிட்டேதான இருந்தேன்."

"இப்போ?"

கத்தியைக் கீழே வைத்தேன். கை ஈரமாக இருந்தது. "இப்போ அடுப்பு மறந்துடுது. பேரு வரமாட்டேங்குது. போன வாரம் பஸ்ல எங்கயோ எறங்கி யாரு வீட்டுக் கதவையோ தட்டிட்டு வந்தேன்."

சமையலறை வாசலில் தேவா நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியவில்லை. கையில் காலி டம்ளர். தண்ணீருக்கு வந்திருக்கிறார். தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போனார். ஹாலில் ஃபேன் சுவிட்சைப் போட்டு நிறுத்தி மறுபடி போடும் சத்தம் கேட்டது.

ஹம்சா புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கத்தியை எடுத்து மீதி இறாலை உரித்தாள். என்னைவிட வேகமாக உரிக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு கை கழுவிவிட்டுச் சொன்னாள்.

"வேலை போனது போனதுதான் அக்கா. எனக்கு அது இன்னும் ஆறல."

"தெரியும்."

"சும்மா சொல்லிட்டேன்."

சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கு, அப்பா பஸ் ஸ்டாப்பில் வண்டியோடு நிற்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 28, சனி

தேவாவிடம் அந்த டாக்டரிடம் நேரம் கேட்கச் சொன்னேன். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார். வியாழக்கிழமை.

ஜூலை 3, வியாழன்

காலையில் கிளம்பி வாசலுக்கு வந்தால் ஏகாம்பரத்தின் ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஆள் இல்லாமல் காலியாக. அவர் என்னைப் பார்க்காமல் தேவாவிடம் பேசினார்.

"ஹம்சா சொல்லிச்சு. ஏறுங்க சார். இந்த டிராஃபிக்ல பைக்குல உக்கார வெச்சு இஸ்துகினு போவாதீங்க."

ஏறினோம். சவாரிக்குக் கை காட்டியவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டே ஓட்டினார்.

டாக்டர் எங்களைவிடச் சின்னவர். எத்தனை தடவை தலையில் அடிபட்டிருக்கிறது என்று கேட்டார். தேவா வாயைத் திறந்தார். "அவங்க சொல்லட்டும் சார்" என்றார் டாக்டர். மயங்கி விழுந்தது எனக்குத் தெரிந்து நான்கு, மற்றதை எண்ணவில்லை என்றேன். ஐந்து வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு வேறு என்னென்னவோ கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். கடிகாரம் சரியாக வந்தது. அந்த ஐந்து வார்த்தையைக் கேட்டபோது வாழைப்பழம், கப்பல் என்றேன். மீதி வரவில்லை. அவர் காத்திருந்தார். தேவா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியவில்லை என்றேன். அதைச் சொல்வது நினைத்த அளவு கஷ்டமாக இல்லை.

இன்னும் பரிசோதனைகள் இருக்கின்றன. ஆனாலும் கேட்டதற்கு டாக்டர் மறைக்காமல் சொன்னார். திரும்பத் திரும்ப வாங்கிய அடியாக இருக்கத்தான் வாய்ப்பு. போனதைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை. எந்த வேகத்தில் போகும் என்று இப்போது சொல்ல முடியாது. அப்படியே நின்றும் விடலாம். தூக்கம், தலைவலி, வெளிச்சம் இதற்கெல்லாம் மருந்து உண்டு. தனியாக அடுப்பு வேண்டாம். எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் விட வேண்டாம். மைதானத்துக்குப் போகலாம், ஓரமாக நின்று சொல்லிக் கொடுக்கலாம். இறங்கி ஆடிக் காட்டக் கூடாது. இன்னும் ஒரு அடிகூடப் படக் கூடாது.

"ஆட்டத்த எப்போ நிறுத்துனீங்க?" என்றார்.

இரண்டு வருடம் முன்பு என்றேன். முழங்கால் என்று சொல்லப்போனேன். சொல்லவில்லை.

தேவா மருந்து வாங்க வரிசையில் நின்றார். நான் வெளியே வந்தேன். ஏகாம்பரம் ஆஸ்பத்திரி மதிலோரம் நிழலில் வண்டியை விட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார். பின்கண்ணாடியில் ஹம்சா இன்னும் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

டாக்டர் சொன்ன வரிசையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

தேவா வந்தார். வண்டி கிளம்பியது. பேசின் பிரிட்ஜ் தாண்டி வரும்போதுதான் ஏகாம்பரம் பேசினார், ரோட்டைப் பார்த்தபடியே.

"எம் பொண்ணுக்கு வேலை போச்சுன்னு எனக்கு இருக்குற கோவம் கோவந்தான். அது போவாது. சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றேன்.

எங்கள் தெரு வந்தது. தேவா முதலில் இறங்கிக் கையை நீட்டினார். நான் எழுந்தேன். ஏகாம்பரம் சட்டென்று திரும்பி, என் தலைக்கு மேலே இருந்த இரும்புக் கம்பியைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"பாத்து எறங்கும்மா. தலைல இடிச்சுக்காத."

குனிந்து இறங்கினேன்.